நர்கீஸுக்கு அப்புறம் வாங்கிய சுத்தியல் இன்னும் இருக்கிறது

2008 மே 2ஆம் தேதி ராத்திரி நர்கீஸ் புயல் அடித்து, காலையில் வெளியே வந்து பார்த்தால் எங்கள் கூரையில் பாதித் தகரத்தைக் காணோம். யாங்கோனுக்குப் பக்கத்தில் இருக்கிற தன்லினில் எங்கள் தெருவில் கூரை முழுசாக நின்ற வீடு இரண்டோ மூன்றோதான். ஆசாரிகளைக் கூப்பிடவும் முடியாது, அவர்கள் வீட்டிலேயே அதே நிலைமை. என் வீட்டுக்காரர் அப்போது மலேசியாவில் வேலையில் இருந்தார், இங்கே நானும் மாமியாரும் இரண்டு சின்னப் பிள்ளைகளும், மழைக்காலமோ தொடங்கிவிட்டது. வீட்டில் இருந்த ஒரே சுத்தியலின் தலை பிடியோடு நிற்காது. அந்த வாரம் நான் வாங்கிய சுத்தியல் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வாங்கியதில் பாதி குப்பைக்குப் போய்விட்டது. எது நின்றது, எது போனது, ஏன் என்று எழுதுகிறேன், புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

சுத்தியல் வாங்கக் கிளம்பியபோது எதிர்வீட்டு ஆசாரித் தாத்தா சொன்னது: "ஆத்தா, கடையிலே சும்மா தூக்கிப் பார்த்துட்டு வந்துடாதே. பிடியோட கடைசியிலே பிடிச்சு நாலஞ்சு தடவை ஓங்கிப் பாரு. மணிக்கட்டு இழுத்துச்சுன்னா அது உனக்கு ஆகாது." நான் பார்த்ததில் 12 அவுன்ஸ் கைக்கு லேசாக இருந்தது, 20 அவுன்ஸ் மணிக்கட்டை இழுத்தது. 16 அவுன்ஸ், அதாவது 450 கிராம் சொச்சம் தலைக்கனம் உள்ள, பின்பக்கம் ஆணி பிடுங்குகிற சுத்தியலை எடுத்தேன். பெண்களுக்கு லேசான சுத்தியல்தான் சரி என்று கடைக்காரர்கள் நீட்டுவார்கள், அதை வாங்காதீர்கள். கனம் போதாத சுத்தியலால் பத்து அடி அடிக்கிற இடத்தில் இரண்டு அடி கோணலாகத்தான் விழும், ஆணி மடங்கும், கையும் சோரும்.

அதுவும் எங்கள் வீட்டு உத்தரம் பியின்கடோ. தமிழில் இருள் மரம் என்பார்கள், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கட்டையாகப் போடுகிற மரம். அதில் ஆணி நேராக இறங்கவே இறங்காது. ஆணியை விடக் கொஞ்சம் சின்னதாகக் கைத்துரப்பணத்தில் ஓட்டை போட்டு, ஆணியின் நுனியில் சோப்புத் தடவி அடித்தால் இறங்கும். இதைக் கற்றுக்கொள்வதற்குள் கால் வீசை ஆணி வீணாயிற்று. (இங்கே ஆணியை இன்னும் வீசைக் கணக்கில்தான் வாங்குகிறோம், 1 வீசை 1.6 கிலோ சொச்சம். நம் ஊர்ச் சொல்தான் இந்த நாட்டு நிறுவைக்கு ஆங்கிலத்தில் 'விஸ்' என்று பெயராகி நின்றது என்று நினைக்கும்போது எனக்கு மனசு நிறையும்.) தகரத்தில் அடிக்கும்போது ஆணி மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்டதாகிவிடும்.

மரப்பிடி சுத்தியலுக்கு இந்த ஊர்ப் பருவம் பெரிய சோதனை. மாசி, பங்குனி வெயிலில் மரம் சுருங்கித் தலை ஆடும். தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள், செய்யாதீர்கள், ஊறியபோது இறுகும், காய்ந்ததும் முன்னைவிட ஆடும். சுத்தியலைத் தலை கீழே தொங்கும்படி பிடித்துக்கொண்டு பிடியின் அடிப்பக்கத்தை ஒரு கட்டையால் தட்டினால் தலை தானாக மேலேறி இறுகும். அப்படியும் ஆடினால் தலைக்குள் பிடியில் அடித்திருக்கிற ஆப்பை மாற்ற வேண்டும். நான் ஒரு தடவை பிடியையே மாற்றினேன், ஆப்பு மூன்று தடவை.

அப்புறம் ஸ்க்ரூடிரைவர். இதில்தான் நிறையப் பணம் விட்டேன். பர்மியத்தில் ஸ்க்ரூவுக்குப் பன்றிக்குடல் என்று பொருள்படும் பெயர், வெட்டூ. அந்தச் சுருளைப் பார்த்தால் பெயர் பொருத்தம் புரியும். 2011இல் ஒரு கடையில் பெட்டியோடு பல அளவில் ஒரு செட் வாங்கினேன், பளபளவென்று இருந்தது, குரோம் வனேடியம், அதாவது உறுதியான எஃகு, என்று முத்திரையும் இருந்தது. மூன்றாவது மாதம் கதவுக் கீலைக் கழற்றும்போது ஸ்டார் முனை வழுக்கி, ஸ்க்ரூவின் தலையை வழித்துவிட்டது. முனையை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன், நாலு இறகும் மழுங்கி உருண்டிருந்தன. முத்திரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அன்றிலிருந்து செட் வாங்குவதில்லை. வீட்டு வேலைக்கு நடுத்தர ஸ்டார் ஒன்று, அதாவது 2ஆம் நம்பர், அதற்குச் சின்னது 1ஆம் நம்பர் ஒன்று, தட்டை முனை இரண்டு. இந்த நாலையும் தனித்தனியாக நல்லதாக வாங்கினேன், 12 வருஷமாக அவைதான்.

ஆனால் இன்னொரு விஷயம் எனக்கு வெகுநாள் தெரியாது. இங்கே எல்லார் வீட்டிலும் ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான் ஏதாவது இருக்கும், எங்கள் தண்ணீர் மோட்டாரும் அப்படித்தான். அதன் மூடி ஸ்க்ரூக்களை நல்ல ஸ்டார் திருப்புளி கொண்டும் கழற்ற முடியாமல் இரண்டைக் கெடுத்துவிட்டேன். பார்வைக்கு ஸ்டார் போலத்தான் இருக்கும், ஆனால் ஜப்பான் அளவுமுறையில் அந்தக் குழியின் வடிவம் கொஞ்சம் வேறு, நம் ஸ்டார் முனை அடிவரை உட்காராது. பல ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். ஜப்பான் முனை உள்ள திருப்புளி ஒன்று வாங்கிய பிறகு ஒரு ஸ்க்ரூகூட வழுக்கவில்லை, சாதாரண ஸ்டாரிலும் அது நன்றாகவே உட்காருகிறது. பர்மாவில் இருப்பவர்கள் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அதைத்தான் வாங்குங்கள் என்பேன்.

கட்டிங் பிளேயரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாயை மூடி வெளிச்சத்தில் பிடித்தால் வெட்டும் பகுதியில் ஒளி தெரியக்கூடாது, அவ்வளவுதான். அளவு நாடாவின் கொக்கி கொஞ்சம் ஆடும், அது பழுதில்லை. உள்ளளவு எடுக்கும்போதும் வெளியளவு எடுக்கும்போதும் கொக்கியின் கனத்தைச் சரிக்கட்டத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். என் மகன் அதைத் தட்டி இறுக்கிவிட்டான், அந்த நாடாவில் எடுத்த அளவுக்கு வெட்டிய அலமாரிப் பலகை குட்டையாகிவிட்டது.

டெஸ்டர் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி எழுத வேண்டும். இப்போது கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்றே தெரியாத நிலை. போன வருஷம் சுவிட்சுப் பெட்டியில் தளர்ந்த வயரை இறுக்கக் கழற்றினேன், டெஸ்டர் எரியவில்லை, சரி என்று கை வைத்தேன். கரண்ட் இல்லாததால்தான் எரியவில்லை என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை. நடுவில் கரண்ட் வந்துவிட்டது. பிடித்திருந்தது திருப்புளியின் பிளாஸ்டிக் பிடி, காலில் ரப்பர் செருப்பு, அதனால் இன்று எழுதுகிறேன். கரண்ட் இல்லாவிட்டாலும் முதலில் மெயினை அணையுங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும். கரண்ட் இருக்கிற நேரமானால் எரிகிற ஒரு பிளக்கில் டெஸ்டரைச் சோதித்துவிட்டு, மெயினை அணைத்து, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். நாமும் டெஸ்டரின் சுற்றில் ஒரு பகுதி, காய்ந்த பலகைத் தரையில் ரப்பர் செருப்போடு நின்றால் கரண்ட் இருந்தும் மங்கலாகத்தான் எரியும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

துருதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி. யாங்கோன் பக்கம் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பெரும்பாலும் மே முதல் அக்டோபருக்குள். நான் தையல் வேலை செய்வதால் மிஷின் எண்ணெய் எப்போதும் இருக்கும். வேலை முடிந்ததும் பழைய பருத்தித் துணியில் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்து வைப்பேன், ஈரத்தோடு பெட்டியில் போடவே மாட்டேன். மூடி இறுகிய தகரப் பெட்டியில் வைத்தபோது உள்ளே வியர்த்துத் துருப்பிடித்தது, இப்போது துணிப் பையில், அடுப்பங்கரைச் சுவரில் தொங்குகிறது. பத்து வருஷமாகத் துரு இல்லை.

2025 மார்ச் நிலநடுக்கம் எங்களுக்கும் தெரிந்தது, அப்புறம் முன்கதவு நிலையில் உரச ஆரம்பித்தது. ஒரு பெரிய நட்டை நூலில் கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டு என் மகள்தான் நிலையைப் பார்த்தாள், மேலிருந்து கீழே கால் அங்குலம் சாய்ந்திருந்தது. கீலைக் கழற்றி அடியில் தகரத் துண்டு கொடுத்து நிமிர்த்தினோம், அந்தச் சுத்தியலும் அந்தத் திருப்புளியும் போதுமாக இருந்தன. இனி வாங்க வேண்டியது ஹேக்சா பிளேடு மட்டும், அங்குலத்துக்கு 32 பல் உள்ளது. அரை அங்குல இரும்புக் குழாயின் சுவர் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான், குறைந்தது மூன்று பல்லாவது அதன் மேல் படிய வேண்டும். போன தடவை 18 பல் பிளேடு போட்டுப் பல் எல்லாம் கொட்டிவிட்டது, குழாய் இன்னும் பாதி வெட்டோடு நிற்கிறது.