ஒரு கன்றுகூட நடாமல் திரும்பினோம்

உயர்நிலை இரண்டாம் வகுப்பு மாணவர்கள் 31 பேர், ஆசிரியர்கள் மூவர். போன மாதம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்கு எங்களை அழைத்துப்போனது ஒரு தனியார் கல்விப் பயண நிறுவனம். அதன் துண்டறிக்கையில், முழங்கால் சேற்றில் நின்று அலையாத்திக் கன்று நடும் பிள்ளைகளின் படம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் பணம் கட்டினோம்.

சாங்கி படகுத்துறையில் படகுக்கு 12 பேர் சேர வேண்டும். கடைசிப் படகில் நாங்கள் பத்துப் பேர். காலி இருக்கை இரண்டுக்கும் நிறுவனம் பணம் கொடுத்திருந்தால் படகோட்டி உடனே கிளம்பியிருப்பார். கொடுக்கவில்லை, யாராவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.

அடுத்தது செக் ஜாவா. 2001இல் மண் கொட்டி மேடாக்கப்படவிருந்து, கடைசி நேரத்தில் பிழைத்த கடற்கரை. கடல் நன்றாக வற்றினால்தான் அங்கே மணல்திட்டு வெளியே வரும். எங்களுக்குக் குறித்துக் கொடுத்ததோ நீர் ஏறி நிற்கும் நேரம். நட்சத்திர மீன் இருக்கும் இடம் என்று காட்டிய இடத்தில் தண்ணீரைப் பார்த்துவிட்டு நடந்தோம்.

கொடுத்த பணம் வீணாகாமல் காப்பாற்றியவர் வழிகாட்டியாக வந்த இளம்பெண். கைவிடப்பட்ட இறால் குளம் ஒன்றின் கரையில் நிறுத்தி, "இன்று கன்று எதுவும் நடப்போவதில்லை" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் குளத்தைச் சுற்றியிருந்த வரம்பைக் காட்டினார். வரம்பு இருக்கும்வரை உள்ளே நீர் தேங்கியே நிற்கும். வெளியே கடல் வற்றும் நேரத்திலும் மூச்சுவிட வழியில்லாமல் வேர் அழுகும். இதில் ஆயிரம் கன்று நட்டாலும் சாகும். கடல்நீர் வந்துபோக வழி திறந்து, சேற்றின் மட்டத்தையும் சரிசெய்துவிட்டால் விதைகளைக் கடலே கொண்டுவந்து சேர்க்கும். ஓடையில் மிதந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்: பிஞ்சு முருங்கைக்காய் போல, தாய்மரத்திலேயே முளைத்து விழுந்தது. கைமாறிக் கைமாறி எல்லாரும் பார்த்தபின் ஓடையிலேயே விட்டோம். அது திரும்பும் வளைவுவரை பிள்ளைகள் கூடவே நடந்தார்கள். வகுப்பில் அவர்களை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டு வேளையில் காட்டுப்பன்றி ஒன்று ஒருவனின் ரொட்டிப் பையை இழுத்துக்கொண்டு ஓடியது. பயணக் கட்டுரைகளில் பாதி அதைப் பற்றியே.

போகிறவர்கள் அந்தப் பெண்ணையே வழிகாட்டியாகக் கேளுங்கள். தேதியை ஒப்புக்கொள்ளும் முன் கடல் வற்றும் நேரத்தை நீங்களே பார்த்துவிடுங்கள். கன்று நடும் படத்தை எடுத்துவிடும்படி நிறுவனத்துக்கு எழுதினேன். நன்றி சொல்லி, அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிச் சீட்டு அனுப்பினார்கள். சீட்டிலும் அதே படம்.