பழைய வீட்டுக்கு ஈரப்பத மீட்டர் வாங்கலாமா?

ராயபுரத்தில் எங்கள் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்கு உத்திரம், அதன் மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கி, ஜல்லி கொட்டி, தட்டோடு பதித்த தளம். ஐப்பசி மழைக்குப் பிறகு மாடி அறையில் நுழைந்தாலே நனைந்த சாக்கு வாடை, ஆனால் சுவரில் கறை இல்லை, எங்கேயும் சொட்டவும் இல்லை. பார்க்க வந்த ஒருவர் பெயின்ட் அடித்தால் போய்விடும் என்றார், அடித்தோம், வாடை அப்படியே இருந்தது. அப்புறம்தான் இரண்டு ஊசி வைத்த ஈரப்பத மீட்டர் வாங்கினேன், இரண்டாயிரம் ரூபாய்க்குள்.

மரத்துக்கு இதை நம்பலாம். உத்திரத்தின் நடுவில் 13 சதவீத ஈரம் காட்டியது. ஏணியை நகர்த்தி, அதே உத்திரம் சுவருக்குள் போகும் முனையில் குத்தினால் 28! மேலே புதுப் பெயின்ட் பளபளக்கிறது, உள்ளே கட்டை ஊறிக் கிடக்கிறது. 20-க்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடித்து மரம் இற்றுவிடும். மொட்டை மாடியில் போய்ப் பார்த்தால், நேர் மேலே கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில் நகம் நுழைகிற வெடிப்பு.

சுவரில்தான் ஏமாறுவோம். ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதைத்தான் மீட்டர் அளக்கிறது, உப்பு இருந்தாலும் எண் ஏறிவிடும். கடல் காற்று அடிக்கும் நம் பக்கத்தில் உப்புப் பூக்காத சுவர் ஏது? அதனால் முழத்துக்கு ஒரு இடமாகக் குத்தி, எண்ணைச் சுவரிலேயே பென்சிலில் எழுதி, மழை விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கினால் மழைத் தண்ணீர். இறங்காவிட்டால் குழாய்க் கசிவோ, தரையிலிருந்து ஏறும் ஓதமோ, வெறும் உப்போ.

டொரன்டோவில் இருக்கும் சித்தப்பா மகன், சூடு குளிர்ச்சியைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராதான் சரி என்றான். அங்கே கூரைப் பனி உருகி, ஓரத்தில் மறுபடி உறைந்து அணை கட்டிவிட, தேங்கிய தண்ணீர் கூரைக்கடியில் புகுந்துவிடுமாம். உள்ளே ஹீட்டர், வெளியே உறைபனி, அந்த வித்தியாசத்தில் நனைந்த இடம் கேமராவில் தனியாகத் தெரியும். இங்கே உள்ளேயும் வெளியேயும் ஒரே புழுக்கம். வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம், பகலில் அறைக்குள் ஒன்றும் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் மாடியில் பிடித்தபோது, தளமெல்லாம் ஆறியிருக்க அந்த மூலை மட்டும் சூடு தணியாமல் நின்றது. தினமும் கையில் வைத்திருக்க எனக்கு மீட்டரே போதும்.

வெடிப்பைச் சிமென்ட் பூசாமல் சுண்ணாம்பிலேயே அடைத்தோம், சிமென்ட் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாது. 28 இப்போது 17. பக்கத்து உத்திரம் இன்னும் 22-லேயே நிற்கிறது, அதற்கு மேலே தட்டோட்டைப் பெயர்த்துப் பார்க்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.