பழைய பிக்கப்பை 40 மி.மீ. உயர்த்திய பிறகு: எது நின்றது, எது தேய்ந்தது

முன்னால் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீள இரும்புக் கம்பி), பின்னால் ஸ்பிரிங் பட்டை (அடுக்கிய வளைந்த எஃகுத் தகடுகள்), நான்கு சக்கர ஓட்டம். இந்த அமைப்புள்ள பழைய பிக்கப்புக்கு 40 மி.மீ. உயரம் போதும். 50 வரை சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு பத்து மில்லிமீட்டருக்கும் புதிதாக ஏதாவது ஒரு பாகம் வாங்க வேண்டியிருக்கும்.

சாமான் வாங்கும் முன் அளவெடுக்க வேண்டும். வண்டி காலியாக, சமதரையில் நிற்க, நான்கு பக்கமும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து எடுத்தால் டயர் மாறினாலும் கணக்குக் கெடாது. பல வருடம் சுமை ஏற்றிய பட்டை 20, 30 மி.மீ. படுத்தே இருக்கும். விற்பவர் சொல்லும் 50 என்பது புது வண்டியின் உயரத்திலிருந்து எண்ணியது. படுத்துப்போன வண்டியில் அதே பட்டைத் தொகுப்பை மாட்டினால் 70, 80 ஏறி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பாதி வண்டிகளுக்கு நல்ல புதுப் பட்டைத் தொகுப்பும் புது புஷ்களும் (போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையங்கள்) போட்டாலே கேட்ட உயரம் கிடைத்துவிடும்.

முன்பக்கத்தில் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கினால் செலவே இல்லாமல் வண்டி ஏறும். முறுக்கியதும் வண்டி தூக்கிப் போடுகிறதே, பார் கடினமாகிவிட்டது என்பார்கள். அது சரியல்ல. பாரின் கடினம் அதன் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்தது, முறுக்கினால் மாறாது. மாறுவது சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் இடம். மேல் ஆர்ம் (சக்கரத்தைப் பிடிக்கும் மேல் கை) ஏற்கெனவே ரீபவுண்ட் ஸ்டாப்புக்கு (அது கீழே இறங்குவதை நிறுத்தும் ரப்பர்) பக்கத்தில் நிற்பதால், சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் இரும்பு போய் ரப்பரில் இடிக்கிறது. கைக்கு வரும் அடி அதுதான். வண்டி தரையில் நிற்கும்போது ஆர்முக்கும் ஸ்டாப்புக்கும் இடையில் 15 மி.மீ. ஆவது இருக்கட்டும். இல்லையென்றால் உயரத்தைக் குறையுங்கள். மெல்லிய ரீபவுண்ட் ஸ்டாப் போடுவது பலர் செய்வது. ஆனால் சக்கரம் இன்னும் கீழே இறங்குவதால் ஆக்சிலின் சிவி ஜாயின்ட்டும் (கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) பால் ஜாயின்ட்டும் (ஆர்மின் முனையிலுள்ள உருண்டை மூட்டு) கூடுதல் கோணத்தில் வேலை செய்யும்.

பாரைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் போல்ட்டின் மரை எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். இரண்டு முனைப் பல்லிலும், அவை பூட்டும் ஆர்மிலும் பெயின்ட் கோடு போடுங்கள். இடது பாரையும் வலது பாரையும் மாற்றி மாட்டக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் முறுக்குவதற்கென்றே பதப்படுத்தியது. பாரில் சுத்தியலோ பைப் ரெஞ்சோ பட்டுக் கீறல் விழுந்தால், பின்னாளில் அந்தக் கீறலிலிருந்தே விரிசல் தொடங்கும்.

பின்பக்கம் தெளிவான வேலைதான், துரு மட்டும் எதிரி. ஷேக்கிள் (பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) பின்னும், பட்டையின் முன்முனைப் போல்ட்டும் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். முந்தின நாளே துரு எண்ணெய் ஊற்றி வையுங்கள். அப்படியும் வராவிட்டால் கிரைண்டரால் இருபுறமும் வெட்டி எடுப்பதே வேகம். புது போல்ட் செட்டைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வண்டியின் எடை சேசிஸில் வைத்த ஸ்டாண்டிலும், ஹவுசிங்கின் (பின் ஆக்சிலின் கூடு) எடை ஜாக்கியிலும் இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது.

புதுப் பட்டையில் தகடுகளைச் சேர்க்கும் சென்டர் போல்ட் பெரும்பாலும் சரியாக நடுவில் இருக்காது. பழைய தொகுப்பில் குட்டைப் பக்கம் எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் வையுங்கள். முன் கண்ணை (பட்டை முனையின் வளையம்) முதலில் மாட்டி, பிறகு ஷேக்கிள். வளைவு அதிகமான பட்டைக்குக் கண்ணுக்குக் கண் நீளம் குறைவு, அதனால் பின்முனை ஷேக்கிளுக்கு எட்டாது. ஹவுசிங்கை ஜாக்கியால் ஏற்றினால் பட்டை நீண்டு எட்டிவிடும். வண்டி காலியாக நிற்கும்போது ஷேக்கிளின் கீழ்முனை செங்குத்தைவிடக் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். முன்னால் சாய்ந்தால் பட்டை அழுந்தும்போது நீளப் போக்கிடம் இருக்காது.

ரப்பர் புஷ் உள்ள எந்தப் போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். கைப்பிடி இறுக்கத்தில் விட்டு, வண்டியைத் தரையிறக்கி, முன்னும் பின்னும் உருட்டிய பிறகு டார்க் ரெஞ்ச் போடுங்கள். தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கியபடியே நிற்கும். உயரம் பொய்யாகக் கூடுதலாகத் தெரியும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். நாளானபின் வரும் கடகட சத்தத்தில் பெரும்பங்கு இந்த ஒரு தவறால் வருவது. பாலியூரிதேன் புஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதோடு வரும் கிரீஸ் வற்றியதும் கீச்சிடும். கிரீஸ் நிப்பிள் உள்ள ஷேக்கிள் பின் இருந்தால் மட்டும் பாலியூரிதேனை வாங்குங்கள்.

யு போல்ட் (ஹவுசிங்கைப் பட்டையோடு கட்டும் U வடிவ போல்ட்) ஒரு தடவை இறுக்கினால் நீண்டுவிடும், மறுபடி போடக் கூடாது. நான்கு நட்டையும் குறுக்காக, படிப்படியாக, வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். 100 கி.மீ. ஓடியதும் ஒரு முறை, 500 தாண்டியதும் ஒரு முறை மறுபடி பாருங்கள். பட்டைகள் படிந்து நட்டு கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும். தளர விட்டால் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஹவுசிங் நகரும். உயரத்துக்காக ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவே பிளாக் எனும் கட்டை வைப்பது மலிவுதான். ஆனால் கியர் இழுவையில் பட்டை எஸ் வடிவில் முறுக்குகிறது. நீள ஷேக்கிள் போட்டால் அதன் கூடுதல் நீளத்தில் பாதிதான் உயரமாகும், பினியன் மூக்கும் (ஹவுசிங்கில் ஷாஃப்ட் சேரும் முனை) மேலே திரும்பும்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில்தான் காசு வீணாவது. நீளமானதை வாங்கினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நீளம் கூடும்போது முழுதாக அழுந்திய நிலையின் நீளமும் கூடுகிறது. பம்ப் ஸ்டாப் ரப்பர் (சக்கரம் மேலே ஏறுவதை நிறுத்துவது) முழுதாக நசுங்கிய நிலையில் ஷாக்கில் இன்னும் 10 மி.மீ. ஆவது மிச்சமிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷாக்கே பம்ப் ஸ்டாப் ஆகி, சீல் போய் எண்ணெய் கசியும், இல்லையென்றால் மேல் பிராக்கெட் பிளக்கும்.

பலர் மறப்பது, பின் பிரேக்கின் சுமை உணரும் வால்வு. சேசிஸுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ஒரு கம்பி அதை அசைக்கிறது. வண்டி ஏறினால் கம்பி இறங்கும். வண்டி காலி என்று வால்வு நினைத்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். முன் பேட் சீக்கிரம் தேய்வது இதன் அறிகுறி. ஏறிய அளவுக்கே ஹவுசிங் பக்கப் பிராக்கெட்டை உயர்த்த வேண்டும். பின் பிரேக் ஹோஸ் முழுத் தொங்கலில் விறைத்தால் நீளமானது போடுங்கள்.

இரண்டு துண்டு ஷாஃப்ட் (பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது) உள்ள வண்டி கிளம்பும்போது மட்டும் நடுங்கினால், அதை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் பிராக்கெட்டுக்கு 6 முதல் 10 மி.மீ. வாஷர் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும்.

வீல் அலைன்மென்ட் அன்றே செய்தது போதாது. புதுப் பட்டை முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஏறக்குறைய 10 மி.மீ. படியும், முன் உயரமும் சற்று மாறும். அதன்பிறகு மறுபடி எடுங்கள். காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) குறைந்திருந்தால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, நேர்சாலையில் அலையும். வண்டியோடு வந்த ஆர்மில் சரிசெய்ய இடமில்லாவிட்டால் மாற்று மேல் ஆர்ம் வாங்கியே ஆக வேண்டும்.

நீண்ட ஓட்டத்தில் முதலில் போவது சிவி ஜாயின்ட்டின் பூட் (மடிப்புள்ள உறை). குறுகிய மடிப்பில் ஒன்றோடொன்று உரசி வெடிக்கும். ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, மடிப்புகளை விரலால் விரித்துப் பாருங்கள். அடுத்தது மேல் பால் ஜாயின்ட். அதை மாற்றும்போது காசல் நட்டில் (தலையில் வெட்டுகள் உள்ள நட்டு) காட்டர் பின்னுக்கான ஓட்டை நேராக வரவில்லையென்றால் அடுத்த ஓட்டை வரை இறுக்க வேண்டும். தளர்த்தி நேர்செய்யக் கூடாது. பின் பட்டை நல்ல தரமாக இருந்தால் வருடக்கணக்கில் அசையாது. எப்போதும் 300 கிலோ பெட்டியில் இருக்குமென்றால் அந்த எடைக்கான பட்டைத் தொகுப்பையே கேட்டு வாங்குங்கள்; காலி வண்டிக்கு அதைப் போட்டால் முதுகெலும்பு சொல்லும்.

எல்லாம் முடிந்ததும் ஹெட்லைட்டை இறக்கி வையுங்கள். உயர்ந்த மூக்கோடு எதிரே வருபவர் கண்ணில்தான் ஒளி விழும்.