அப்பாவின் பேஸ்மேக்கர் செக்கப்: ஊருக்குப் போனபோது தெரிந்துகொண்டவை

இந்த முறை ஊருக்குப் போனபோது இதயத் துடிப்பைச் சீராக வைக்க அப்பாவுக்குப் பொருத்தியிருக்கும் பேஸ்மேக்கரின் செக்கப்புக்கு நானும் கூடப் போனேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோரின் உடல்நிலையைப் போனில் மட்டும் விசாரிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

போனதும் டெக்னீஷியன் கேட்டது, கருவி எந்தக் கம்பெனியுடையது என்று எழுதியிருக்கும் பேஸ்மேக்கர் அட்டையைத்தான். ஒரு கம்பெனியின் கருவியை இன்னொரு கம்பெனியின் ப்ரோகிராமரால் (பேஸ்மேக்கரைப் படித்து அளவுகளை மாற்றும் கணினி) படிக்க முடியாது. அட்டை அப்பாவின் பர்ஸிலேயே இருந்ததால் வேலை சட்டென்று தொடங்கியது. அதை ஒரு போட்டோ எடுத்து நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

மவுஸ் அளவுள்ள ஒரு கருவியைத் தோள்பட்டைக்குக் கீழே கொஞ்ச நேரம் வைத்தார். திரையில் துடிப்பு ஓட ஆரம்பித்ததும் அதை எடுத்துவிட்டார், அப்புறமும் தகவல் வந்துகொண்டே இருந்தது. பேஸ்மேக்கருக்குள் இருக்கும் ரேடியோ பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்குமாம், எழுப்பினால்தான் பேசும். காரணம் பேட்டரி. பேஸ்மேக்கர் சராசரியாக இழுக்கும் மின்சாரம் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர்தான். ரேடியோ விழித்திருந்தால் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் போட வழியில்லை, திரும்பவும் ஆபரேஷன் செய்து கருவியையே மாற்ற வேண்டும்.

அடுத்து, "ஐயா, லேசா தலை சுத்தற மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பேஸ்மேக்கர் இதயத்தைத் தூண்டும் வோல்ட்டேஜைப் படிப்படியாகக் குறைத்தார். எந்த இடத்தில் இதயம் அதற்குப் பதில் சொல்லாமல் விடுகிறது என்று பார்த்து, அதற்கு மேல் போதிய இடைவெளி விட்டு அளவை வைத்தார். தேவைக்கு மேல் வைத்தால் பேட்டரிதான் வீண். அந்த நிதானமும் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்த விதமும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

வருத்தம் வேறு இடத்தில். கருவி பொருத்திய மருத்துவமனை, அப்பா தூங்கும்போது கருவியிலிருந்து தகவலை வாங்கி கிளினிக்குக்கு அனுப்பும், வீட்டில் வைக்கும் மானிட்டர் பெட்டியைக் கொடுத்து, "கரண்ட்ல போட்டு வைங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறது. அது ஹாலில் டிவி பக்கத்தில் இருந்தது. இந்த மாதிரிக் கருவிகள் பலவும் பேசுவது 402–405 மெகாஹெர்ட்ஸில். உடம்பில் உள்ள நீர் ரேடியோ அலையை விழுங்கும், அலைவரிசை கூடினால் இன்னும் அதிகமாக. அதனால்தான் இந்த அலைவரிசை. அனுமதிக்கப்பட்ட சக்தியும் 25 மைக்ரோவாட்தான். ஒரு 4ஜி கைபேசி அதிகபட்சமாக 200 மில்லிவாட் வரை அனுப்பும், அதாவது 8,000 மடங்கு. இவ்வளவு மெல்லிய சிக்னல் சுவர் தாண்டி ஹாலுக்கு எப்படி வரும்? பெட்டி கட்டிலுக்கு ஓரிரு மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வராமல் போன தகவல் சாதாரணமானதல்ல. இதயத்தின் மேலறை அவ்வப்போது தாறுமாறாகத் துடித்ததைக் கருவி பதிவு செய்திருந்தது. அப்பாவுக்கு எதுவுமே தெரியவில்லை, நான் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் இந்தத் துடிப்பால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் அபாயம் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து வேண்டுமா என்று டாக்டர் இப்போது பரிசீலிக்கிறார்.

பெட்டியைப் படுக்கையறைக்கு மாற்றினோம். மறுநாள் கிளினிக்கில் விசாரித்தபோது தகவல் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அதை யாரும் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து அப்பா என்னிடம் வருகிறார். பெட்டி இங்குள்ள நெட்வொர்க்கில் வேலை செய்யுமா என்று கருவிக் கம்பெனியிடம் கேட்டிருக்கிறேன்.