சிங்காரத்துக்கு எந்த வீடு: தோப்பா, தனி வீடா, மூன்றாம் மாடி ஃபிளாட்டா?

சிங்காரம் ஒரு நாய், அவனுக்கு நிரந்தரமாக ஒரு வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். நான்கு வயது இருக்கலாம் என்று பல்லைப் பார்த்து டாக்டர் சொன்னார். எடை 34 கிலோ. லேப்ரடார் முகம், ராஜபாளையம் கால், மீதியெல்லாம் நம்ம தெரு. கருத்தடை ஆபரேஷன் முடிந்தது. வெறிநாய்க் கடிக்கான ஊசி, ஏழு நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்று. யார் வந்தாலும் நேராகப் போய் அவர்கள் முழங்காலில் சாய்ந்து நிற்பான். கனம் தாங்காமல் வந்தவர்தான் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாலை ஆட்டினால் டீபாய் மேல் டம்ளர் தங்காது. இப்போதைக்கு எங்கள் வீட்டில் இருக்கிறான். ஏற்கெனவே நாய்கள் உள்ள வீடு, இவனை நிரந்தரமாக வைத்துக்கொள்ள இடமில்லை.

குட்டி என்றால் கொத்திக்கொண்டு போவார்கள். வளர்ந்த நாய், கலப்பு, அதுவும் இத்தனை பெரிய உடம்பு என்றால் விசாரிப்பதோடு சரி. அப்படியும் இவனுக்கு மூன்று இடங்களில் கேட்டிருக்கிறார்கள்: மதுராந்தகம் பக்கம் ஒரு மாந்தோப்பு, முடிச்சூரில் காம்பவுண்டு கட்டிய தனி வீடு, வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் வாடகை ஃபிளாட். தெரிந்தவர்கள் எல்லோரும் யோசிக்காமல் சொன்னது தோப்பைத்தான். "இவ்வளவு பெரிய நாயை ஃபிளாட்டில் அடைக்கலாமா, பாவம்" என்கிறார்கள். எனக்கு இந்த வரிசை அப்படியே தலைகீழாகப் படுகிறது.

முதலில் தோப்பு. கேட்டவர் நல்ல மனிதர். "கட்டவே மாட்டோம் மேடம், இஷ்டத்துக்கு ஓடட்டும்" என்றார். சரி, எங்கே ஓடுவான்? வேலி தாண்டினால் பக்கத்து வயல், அதற்கு அப்புறம் ஆட்டுப் பட்டி. சிங்காரத்துக்கு ஆடு என்றால் விளையாட்டு. 34 கிலோ நாய் விளையாட வந்தால் ஆட்டுக்கு அது விளையாட்டு இல்லை. ஒரு குட்டி செத்தால் போதும், மறுநாள் குருணைப் பூச்சிமருந்து கலந்த கறித்துண்டு வேலியோரம் கிடக்கும். ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கண்ணாடி விரியன், காட்டுப்பன்றிக்கு வைக்கிற நாட்டு வெடி, திருட்டுத்தனமாகப் போடும் மின்வேலி என்று மற்ற ஆபத்துகளும் உண்டு. பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும், அதுவும் சீக்கிரம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். தோப்புக்காரரும் குடும்பமும் இருப்பது செங்கல்பட்டில். தோப்புக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் அங்கே இருப்பவர் ஒரே ஒரு காவலாளி, அவருக்கு நாய் என்றால் பயம். மனிதர் மேல் சாய்ந்து நிற்பதற்கென்றே பிறந்த ஒரு பிராணிக்கு ஏக்கர் கணக்கில் நிலம் கொடுத்து, சாய்வதற்கு ஆள் மட்டும் கொடுக்கவில்லை என்றால் அது என்ன சுதந்திரம்?

முடிச்சூர் வீட்டில் அந்தக் குறை இல்லை, எப்போதும் ஆள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தம்பதி. அய்யா போனில் கேட்ட முதல் கேள்வி: "நல்லா குரைக்குமாம்மா?" அங்கேயே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. சிங்காரம் தண்ணீர் கேன் போடுகிற பையனை வாசல் வரை போய் வழியனுப்பி வைக்கிறவன். திருடன் வந்தாலும் அதே மரியாதைதான் நடக்கும். காவலுக்கு என்று வாங்கிய நாய் காவல் காக்கவில்லை என்றால் அடுத்தது என்ன என்பது, நாய் மீட்பு வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்: மறுபடியும் தெரு.

ராத்திரி எங்கே படுப்பான் என்று கேட்டேன். போர்ட்டிகோவில், காருக்குப் பக்கத்தில். பகலில்? "கேட் திறந்து மூட வேண்டியிருக்கு, அதனால கட்டித்தான் போடணும்." 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நியாயமான அளவு நடமாட விடாமல் இருப்பதையும் குற்றமாகத்தான் வைத்திருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! அந்தச் சட்டத்தை நம்பி நான் யாரிடமும் நாயைக் கொடுப்பதாக இல்லை. அப்புறம் இன்னொன்று. அய்யாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. பூனையைக் கண்டால் சிங்காரம் இழுக்கிற இழுப்பில் எனக்கே தோள் கழன்றுவிடும்போல இருக்கும். அவர் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யாருக்கு நல்லது?

இப்போது ஃபிளாட். கணவன், மனைவி, கணவனின் அம்மா. மனைவிக்கு வேலை வீட்டிலிருந்தே. தினமும் காலை ஐந்தரைக்கு ஓடுகிற பழக்கம் கணவனுக்கு ஏற்கெனவே உண்டு, நாய்க்காகப் புதிதாகச் செய்துகொண்ட சபதம் இல்லை. சென்னை வெயிலில் ஏழு மணிக்குள் நடை முடிந்துவிட வேண்டும். தார் ரோட்டில் நம் புறங்கையைச் சில விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. காலையும் மாலையும் நன்றாக நடந்த பெரிய நாய் வீட்டுக்குள் செய்கிற ஒரே வேலை தூக்கம்தான். ஃபேனுக்குக் கீழே ஆறடி டைல்ஸ் தரை கிடைத்தால் சிங்காரத்துக்குப் போதும்.

அந்த அம்மா முதலில் "நாய் வீட்டுக்குள்ளேயா?" என்று முகம் சுளித்தார். ஆனால் மூன்று வீடுகளிலும் உருப்படியான கேள்விகள் கேட்டது அவர்தான். "குழம்பு சோறு போடலாமா?" என்றார். கூடாது, வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பும் கூடாது, உடைந்து குடலைக் கிழிக்கும். "நாங்க ஊருக்குப் போனா யார் பார்ப்பா?" என்று அடுத்த கேள்வி. தோப்பிலும் முடிச்சூரிலும் அது யாருக்கும் தோன்றவே இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. லிஃப்ட் முன்னால் போனதும் சிங்காரம் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டான். அந்த இரும்புக் கதவின் சத்தம் அவனுக்கு ஆகவில்லை. பிஸ்கட்டைக் காட்டி மெல்ல மெல்லத்தான் பழக்க வேண்டும், அதுவரை மூன்று மாடி படி. தீபாவளிக்கு எதிர் பிளாக் மொட்டை மாடியில் வெடிப்பார்கள். அசோசியேஷன் முறைக்கலாம், ஆனால் தடுக்க முடியாது: பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போடக்கூடாது, உருவத்தைக் காரணம் காட்டக்கூடாது, லிஃப்டை மறுக்கக்கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. உண்மையான ஆபத்து வீட்டு ஓனர்தான். வாடகை ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்று ஒரு வரி இருந்தால், பதினோரு மாதம் கழித்து நாயா வீடா என்று நிற்க வேண்டி வரும்.

செலவு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். உண்ணி மாத்திரையிலிருந்து குடற்புழு மருந்து வரை எடைக்கு ஏற்றபடிதான், பெரிய நாய்க்குப் பெரிய பில். வேளச்சேரியில் என்றால் மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் சேரும்.

ஆக, என் ஓட்டு ஃபிளாட்டுக்கு, இரண்டு நிபந்தனைகளோடு. ஓனர் சம்மதத்தை வாட்ஸப்பில் வாங்கினால் போதாது, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் தற்காலிகம் என்று வைத்துக்கொண்டு, ஒத்துவரவில்லை என்றால் எந்த நேரமானாலும் என்னிடமே திருப்பிக் கொண்டுவர வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ் நானே வாங்கித் தருகிறேன், இழுப்பு குறையும். தோப்புக்காரருக்கு, ஆடுகளோடு சேர்ந்து வளர ஒரு நாட்டு நாய்க்குட்டியைப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், காவலாளியின் பயம் தெளிந்த பிறகு. முடிச்சூர் அய்யாவுக்கு சிசிடிவி கேமரா போதும்.