ஆயில் கேட்ச் கேன்: ஃபயர்வாலா, பேட்டரி ஓரமா, ரேடியேட்டர் முன்னாலா?

டர்போ டீசல் கார் கொஞ்சம் ஓடியதும், ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் பைப்பைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை நம் பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அது உள்ளேயே தங்கினால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியும். அதனால் இஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து அந்தப் பைப்புக்கு ஒரு பிரீதர் ஹோஸ் போட்டு, அந்த வாயுவை இஞ்சினே திரும்ப இழுத்துக்கொள்ளும்படி கம்பெனியில் அமைத்திருக்கிறார்கள். வாயுவோடு ஆயில் துளியும் நீராவியும் சேர்ந்தே போகின்றன. இஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை இஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் அமைப்பு) வழியாக வரும் கரி இந்த எண்ணெயில் ஒட்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் கெட்டியாகப் படிந்துவிடுகிறது.

கேட்ச் கேன் இந்த ஹோஸுக்கு நடுவில் உட்கார்ந்து ஆயிலைப் பிடித்து வைக்கும். அது தேவையா இல்லையா என்ற விவாதத்துக்குள் இப்போது போகவில்லை. போடுவது என்று முடிவு செய்தவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி, எங்கே போடுவது என்பது. நான் பேட்டரி ஓரத்தைத் தேர்ந்தெடுத்தேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பக்கம் ஓசூர், இன்னொரு பக்கம் தொப்பூர் தாண்டி சேலம் என்று ஓடும் டீசல் கார் என்னுடையது. அந்த ஓட்டத்தை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஃபயர்வால். இஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு அது. பல கார்களில் ஹோஸ் நீளம் இங்கேதான் குறைவாக முடியும், பானெட்டைத் திறந்ததும் கேன் கண்ணுக்குத் தெரியும். சிக்கல் சூடு. கேன் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாக எண்ணெய் ஆவி துளியாக மாறி அடியில் தங்கும். கேனே கொதித்துக்கொண்டிருந்தால் ஆவி ஆவியாகவே உள்ளே வந்து, ஆவியாகவே வெளியே போய்விடும். ரேடியேட்டரையும் இஞ்சினையும் கடந்து வரும் காற்று ஃபயர்வாலை எட்டும்போது நன்றாகச் சூடேறியிருக்கும். சில கார்களில் டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அந்தப் பக்கமே இருக்கும், சிலவற்றில் முன்னால் இருக்கும். உங்கள் காரில் பின்னால் இருந்தால் ஃபயர்வாலை மறந்துவிடலாம். தருமபுரி சித்திரை வெயிலில் சேலத்திலிருந்து திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் பானெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லோடு ஏறும்போதுதான் பேக் கம்ப்ரஷனும் அதிகம் வரும். கேன் நன்றாக வேலை செய்ய வேண்டிய அதே நேரத்தில் அது மிகச் சூடான இடத்தில் இருக்கும்.

ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் வைப்பது இரண்டாவது வழி. குளிர்ச்சி என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. வெளிக்காற்று நேராக வந்து படும் இடம் அது ஒன்றுதான். பனி உறையும் நாடுகளில் கேனில் சேரும் தண்ணீர் உறைந்துவிடும் என்று பயந்து இந்த இடத்தைத் தவிர்ப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை, தேன்கனிக்கோட்டை மார்கழியிலும் இல்லை. முன்பக்கம் பொருத்திய கார்களை நண்பர்களிடம் பார்த்திருக்கிறேன், நீண்ட நாள் நானே வைத்து ஓட்டியதில்லை. பார்த்த வரையில் இரண்டு விஷயங்கள் உறுத்தின. டேப்பட் கவரிலிருந்து அவ்வளவு தூரம் ஹோஸ் போகும்போது நடுவில் எங்காவது தொங்கிப் பள்ளமாகிவிடுகிறது. அந்தப் பள்ளத்தில் தண்ணீரும் ஆயிலும் தேங்கினால் வாயு போகும் வழி அடைபடும். இன்னொன்று இடி. முன்னால் போகும் வண்டியில் லேசாக உரசினாலும் முதலில் நசுங்குவது இந்தக் கேன்தான்.

பம்பருக்கு உள்ளே, ஃபெண்டர் பக்கம் தாழ்வாக வைப்பவர்களும் உண்டு. மறைவாக இருக்கும், ஹோஸ் இயல்பாகவே கேனை நோக்கிச் சரியும். ஆனால் வீல் வாரி அடிக்கும் சேறு, கல், கிராமத்தில் நிறுத்தினால் எலி, எல்லாம் அதற்குத்தான் முதலில் வரும். கண்ணில் படாத இடம் என்பதே அதன் பெரிய குறை. அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பேட்டரி ஓரம் என்று நான் சொல்வது பேட்டரிக்கும் சஸ்பென்ஷன் டவருக்கும் இடையில் இருக்கும் இடம். கிரில் பக்கத்தைவிடச் சூடு அதிகம், ஃபயர்வாலைவிடக் குறைவு. ஹோஸ் நீளம் நடுத்தரம். பாடியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளையில் பிராக்கெட் போட்டுவிடலாம், புதிதாகத் துளை போட்டுத் துருவுக்கு வழி விட வேண்டாம். பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து மட்டும் நன்றாகத் தள்ளி வையுங்கள். கேன் அலுமினியம், பிராக்கெட் இரும்பு, இரண்டும் பாடியோடு இணைந்தவை. ஸ்பேனர் நழுவி டெர்மினலையும் கேனையும் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியை மறைக்காத இடமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிர்ச்சியில் முன்பக்கம் ஜெயிக்கிறது, ஹோஸ் நீளத்தில் ஃபயர்வால் ஜெயிக்கிறது. அப்புறம் ஏன் பேட்டரி ஓரம்? காலி செய்வது சுலபம் என்பதற்காக. மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேட்ச் கேன் தானாகக் காலியாகாது. ஒவ்வொரு முறையும் ஒருவர் திறந்து வடிக்க வேண்டும். வடிக்காமல் விட்டால், கேன் நிரம்பிய பிறகு ஒரு நாள் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது சேர்ந்திருக்கும் ஆயில் மொத்தமாக இன்டேக்குக்குள் இழுபடலாம். டீசல் இஞ்சினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். சாவியைத் திருப்பினாலும் அணையாமல், உள்ளே போகும் ஆயிலில் தானாகவே வேகமெடுத்து ஓடிச் சிதைந்த இஞ்சின்கள் உண்டு. கேனே இல்லாத காரில் இந்த ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போயிருக்கும். கவனிக்காத கேன், கேன் இல்லாததைவிட ஆபத்து.

அதனால் இடம் தேடும்போது நான் பார்ப்பது ஒன்றே. பானெட்டைத் திறந்து, நின்றபடி, ஸ்பேனர் எடுக்காமல் கேனைக் கழற்றவோ வடிக்கவோ முடிகிறதா? ஃபெண்டருக்குள் இருந்தால் வீல் லைனரைக் கழற்ற வேண்டும். கிரில்லுக்குப் பின்னால் என்றால் சில கார்களில் பம்பரையே தளர்த்த வேண்டும். அடியில் டிரெயின் ஹோஸ் நீட்டி ஒரு காக் வைத்துக்கொள்ளலாம்தான். அப்போதும் காருக்கு அடியில் குனிய வேண்டும், எவ்வளவு சேர்ந்தது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. ஃபயர்வாலில் கேன் தெரியும், ஆனால் வண்டியை நிறுத்தியதும் கை வைக்க முடியாத சூடு. பேட்டரி ஓரத்தில் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கும் நேரத்திலேயே கேனின் டிப்ஸ்டிக்கைத் தூக்கி அளவு பார்த்துவிடலாம். சுலபமாக இருந்தால்தான் அந்த வேலையை மறக்காமல் செய்வோம்.

புதிதாகப் போட்டவர்கள் முதல் 1000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திறந்து பாருங்கள். எவ்வளவு சேர்கிறது என்பதைப் பொறுத்து அடுத்த இடைவெளியை முடிவு செய்யுங்கள். குளிர்காலத்தில், அதுவும் ஓசூர் பக்கம் காலையில் சின்னச் சின்னத் தூரமே ஓடும் கார்களில், ஆயிலோடு தண்ணீர் கலந்து மோர் நிறத்தில் வரும். அதைப் பார்த்து ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், கூலன்ட் அளவு குறையாத வரை. வடித்ததை மறுபடி இஞ்சினில் ஊற்றக் கூடாது. பட்டறையில் பழைய ஆயில் சேர்க்கும் டிரம்மில் கொடுத்துவிடுங்கள்.

எங்கே வைத்தாலும் ஹோஸ் விஷயத்தில் சமரசம் வேண்டாம். ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறி மெத்தென்று ஆகிவிடும். உள் விட்டம் கம்பெனி ஹோஸைவிடக் குறையக் கூடாது. மலிவான கேன்களோடு வரும் 10 மில்லிமீட்டர் முனைகள், 19 மில்லிமீட்டர் பிரீதர் உள்ள டீசலுக்குப் போதாது. வழி குறுகினால் அழுத்தம் சீலைத் தேடிப் போகும். இஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும் ஆடும், கேன் பாடியில் ஆடாமல் நிற்கும். அந்த ஆட்டத்துக்கு ஹோஸில் கொஞ்சம் தளர்வு விடுங்கள், பள்ளம் மட்டும் விழாமல்.

டர்போ பெட்ரோல் கார்களில் நான் கை வைத்ததில்லை, அதனால் அமைப்பை மட்டும் சொல்கிறேன். அங்கே வாயு போகும் வழி இரண்டு. சாதாரண ஓட்டத்தில், இந்த வாயுவை அளவோடு விடும் பிசிவி வால்வு வழியாக மேனிஃபோல்டு இழுக்கும். பூஸ்ட் ஏறும்போது, அதாவது டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது, டர்போவுக்கு முன்னால் இருக்கும் பைப் இழுக்கும். சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் மேனிஃபோல்டில் உறிஞ்சும் வேகம் மிக அதிகமாக இருக்கும், எனவே ஹோஸ் சுருங்காத தடிமனில் வேண்டும். வாரன்டி ஓடும் கார் என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேனின் வெளிவழியை இன்டேக்கில் இணைக்காமல் காற்றில் திறந்துவிடுவதை எந்த இஞ்சினிலும் செய்யாதீர்கள். அந்தப் புகை சாலையில் நடப்பவர் மூக்குக்கும், ஏசி வழியாக உங்கள் குழந்தை மூக்குக்கும்தான் வரும்.

எங்கே வைத்தாலும் கேன் சட்டென்று நிறைந்துகொண்டே இருந்தால் இடத்தை மாற்றிப் பயனில்லை. முதலில் இஞ்சின் ஆயில் அளவு இஞ்சின் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள், ரிங் தேய்ந்திருக்கலாம்.