குமிழ் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கோயம்புத்தூர் நண்பர் கூப்பிட்டார். "ஏனுங்க, நீங்க மாடல் ரயிலுக்கு வச்சிருக்கற அந்த டிசிசி பெட்டி விலை இறங்கியிருக்குதுங்க. வாங்கலாமுங்களா?" அந்த நேரத்தில் நான் மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தேன். அமெரிக்க ஆல்கோ நிறுவன எஞ்சினின் மாடல் ஒன்று தரையில் மல்லாந்து கிடந்தது. வண்டிகளைக் கோக்கும் அதன் உடைந்த கப்ளரைக் காணவில்லை. "வாங்கவே வாங்காதீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நியாயமான பதில் இல்லைதான். வாரத்துக்கு இரண்டு நாளாவது வைத்து மூன்று வருடமாக ஓட்டுகிற பொருளைப் பற்றி இரண்டு சொல்லில் தீர்ப்பு சொல்லக் கூடாது. அவருக்கு விவரமாக எழுதுகிறேன் என்று ஆரம்பித்தது இது.

பெட்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வியாதி மலிவு விலைப் பெட்டிகள் பலவற்றுக்கும் உண்டு. ஒன்றை மட்டும் சந்திக்கு இழுக்க மனம் வரவில்லை. கையடக்கமான கறுப்பு பிளாஸ்டிக், சிவப்பில் ஒளிரும் இரண்டு இலக்கத் திரை, எண் பொத்தான்கள், நடுவில் பெரிய குமிழ். 1 முதல் 99 வரை எஞ்சின் எண், ஒன்றரை ஆம்பியர். அவ்வளவுதான். மாடல் ரயிலில் பழைய டிசி பெட்டியை விட்டு டிஜிட்டலுக்கு மாற நினைக்கிறவர்கள் முதலில் பார்க்கும் வகை.

பழைய முறையில் தண்டவாளத்தில் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டுவோம், குறைப்போம். அதன் மேல் நிற்கும் எல்லா எஞ்சினும் சேர்ந்து ஓடும், சேர்ந்து நிற்கும். டிசிசி என்கிற டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எந்நேரமும் முழு மின்சாரம், ஏறக்குறைய 15 வோல்ட். அது படபடவென்று திசை மாறிக்கொண்டே இருக்கும். மாறும் நேரத்தில்தான் சேதி இருக்கிறது: அரைச் சுற்று 58 மைக்ரோநொடி என்றால் ஒன்று, 100 என்றால் சைபர். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் உட்கார்ந்திருக்கும் டிகோடர் என்ற சின்ன மின்னணுப் பலகை தன் எண்ணைக் கூப்பிட்டால் மட்டும் அசையும். முதல் நாள் ஒரே தண்டவாளத்தில் இரண்டு எஞ்சின்களை எதிரெதிரே நிறுத்தி, இரண்டுக்கும் முகப்பு விளக்கைப் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கிற எஞ்சினில் விளக்கு எரிவது பழைய பெட்டிக்காரனுக்குப் பெரிய அதிசயம்.

சரி, குமிழுக்கு வருகிறேன்.

நல்ல பெட்டிகளில் குமிழ் முடிவில்லாமல் சுற்றும். எங்கே நிற்கிறது என்பது முக்கியமில்லை. எத்தனை கிளிக் கூட்டினோம், எத்தனை குறைத்தோம் என்பதுதான் கணக்கு. என்னுடையதில் இருப்பது பழைய வானொலியின் வால்யூம் கண்ட்ரோல். இடது கோடியில் முட்டினால் நிற்கும், வலது கோடியில் முட்டினால் முழு வேகம். ஒரே எஞ்சின் ஓட்டும்போது சொர்க்கம். இரண்டாவது எஞ்சின் வந்ததும் கதை மாறுகிறது.

3-ஆம் எண்ணை அரை வேகத்தில் ஓடவிட்டு 5-ஐ அழுத்துகிறேன். 3 பாட்டுக்கு ஓடும், நல்லது. 5 நின்றுகொண்டிருக்கும், அதுவும் நல்லது. ஆனால் குமிழ் இன்னமும் பாதியில் நிற்கிறது. அதைச் சைபருக்குக் கொண்டுவரலாம் என்று விரல் நுனியால் தொட்டால் போதும், "ஓ, 5-க்குப் பாதி வேகம் வேண்டுமாம்" என்று பெட்டி முடிவு செய்துவிடும். நின்ற இடத்திலிருந்து வண்டி பாய்கிறது. பதறிப்போய் இடது பக்கம் திருகுகிறேன், தடாலென்று நிற்கிறது. திரும்ப 3-ஐ அழுத்துகிறேன். இப்போது குமிழ் சைபரில் இருக்கிறது. தொட்டதும், அருமையாக ஓடிக்கொண்டிருந்த 3 அப்படியே நிற்கிறது. உள்ளே பயணிகள் இருந்திருந்தால் அத்தனை பேரும் எதிர் இருக்கைக்காரர் மடியில்.

இதைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. எஞ்சின் ஓடும் வேகத்தைக் குமிழ் கடக்கிற வரைக்கும் குமிழைக் கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும். மென்பொருளில் நான்கு வரி வருமா? அதை எழுத யாருக்கோ சோம்பல். இரண்டு வருடம் அந்த முகம் தெரியாத ஆளிடம் மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன்.

பிறகு என் பங்குக்கு ஒரு வைத்தியம் பார்த்தேன். டிகோடருக்குள் சிவி என்று எண்ணிட்ட அமைப்புகள் உண்டு. சிவி 1-இல் எஞ்சினின் எண், சிவி 3-இல் வேகம் எடுக்க ஆகும் நேரம், சிவி 4-இல் வேகம் குறைய ஆகும் நேரம். சிவி 3-இல் போடும் மதிப்பை 0.896-ஆல் பெருக்கினால் நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்குப் போக எத்தனை நொடி என்று கிடைக்கும். 20 போட்டேன், கிட்டத்தட்ட 18 நொடி. குமிழைச் சைபருக்குத் திருக ஒரு நொடிதான் ஆகிறது. அதற்குள் 5-ஆம் எண் வண்டி தோளைக் குலுக்குவதோடு சரி. சிவி 4-இல் 12, ஏறக்குறைய 11 நொடி. இப்போது திடீர் பிரேக் இல்லை. ஆனால் நிறுத்த நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடிவதில்லை. நிலையத்துக்கு இரண்டு அடி முன்பே குமிழைக் குறைக்கத் தொடங்கினால்தான் நடைமேடையில் நிற்கும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் பார்த்தால், நிஜ வண்டி ஓட்டுகிறவர் செய்வதும் அதுதான். இப்போது குமிழ் ஒழுங்கான பெட்டி கிடைத்தாலும் சிவி 4-ஐக் குறைக்கமாட்டேன்.

இதைச் செய்யும்போது இன்னொரு அவதி. இந்தப் பெட்டி சிவியை எழுதும், படிக்காது. ஏற்கெனவே என்ன மதிப்பு இருந்தது என்று கேட்டால் பதில் வராது. கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்ததாக நம்பிக்கொள்ள வேண்டியதுதான். புரோகிராம் செய்யத் தனித் தடமும் கிடையாது. வாங்கிய முதல் வாரம் இது புரியாமல், மூன்று எஞ்சின்களும் தண்டவாளத்தில் நிற்கும்போது ஒன்றுக்கு 5 என்று எண் கொடுத்தேன். மூன்றும் 5 ஆகிவிட்டன. குமிழைத் திருகியதும் மூன்று திசையில் மூன்று வண்டிகள். மற்றவற்றை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எழுத வேண்டும். கையேட்டில் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. இது என் தப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

குமிழுக்கு உண்மையான மருந்தைக் கண்டுபிடித்தது நான் இல்லை, எட்டு வயதுத் தங்கை மகள். விடுமுறைக்கு வந்தவள் ஒரு நாள் கைதவறி 99-ஐ அழுத்திவிட்டாள். அந்த எண்ணில் என்னிடம் எஞ்சினே இல்லை. குமிழைத் திருகுகிறாள், எதுவும் நகரவில்லை. "மாமா, பேய் எஞ்சின் ஓடுது" என்றாள். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு வண்டிகளை ஒரு குலுக்கல் இல்லாமல் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறாள். முதலில் 99. பேய் எஞ்சின் கையில் இருக்கும்போது குமிழை எங்கே வேண்டுமானாலும் திருகலாம், யாருக்கும் வலிக்காது. 3 ஓடும் வேகத்துக்குக் குமிழைக் கொண்டுபோய் வைத்துவிட்டு 3-ஐ அழுத்துகிறாள். குமிழும் வண்டியும் ஒரே இடத்தில். குமிழைச் சுற்றி நகப்பூச்சால் அவளே புள்ளி வைத்துக்கொண்டாள்: சிவப்பு 3-க்கு, ஊதா 5-க்கு. இரண்டு வருடம் சிவி கணக்கு போட்டவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் குமிழைத் திட்டவே இல்லை. போன மழைக்காலத்துக்குப் பின் புதுச் சங்கடம். திருவான்மியூரில் என் வீட்டிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான். உப்புக்காற்று இரும்பையே தின்னும். வால்யூம் கண்ட்ரோலுக்குள் இருக்கும் கரித்தடம் கெட்டுப்போய், பழைய வானொலி கரகரக்குமே, அந்த நிலைக்கு வந்துவிட்டது. வானொலியில் அது காதுக்குத்தான் கேடு. இங்கே, யாருமே தொடாதபோதும் குமிழ் நகர்ந்ததாகப் பெட்டி நினைத்துக்கொள்கிறது. பேய் தந்திரமும் எடுபடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்கோவின் எண்ணை அழுத்திவிட்டுக் காபியை எடுக்கக் கை நீட்டினேன், அவ்வளவுதான். சிவி போட்டுப் பழக்காத ஒரே எஞ்சின் அது. மேசை ஓரப் பக்கத் தடத்திலிருந்து முட்டுக்கட்டையைத் தாண்டிக் குதித்தது. அமெரிக்க வண்டிக்கு நம் பழைய டீசல் எஞ்சின் டபிள்யூடிஎம்-2 போல நானே வர்ணம் பூசியது. இதுவும் ஆல்கோ, அதுவும் ஆல்கோ என்று சமாதானம் செய்துகொண்ட வேலை. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். என் மாடல் அளவான 87-ல் ஒரு பங்கு என்றால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும், என் தண்டவாளமோ 16.5. இதைச் சுட்டிக்காட்டாத ரயில் பிரியர் யாரும் இதுவரை வீட்டுக்கு வந்ததில்லை.

பெட்டியைத் திறக்க நான்கு ஸ்க்ரூ. உள்ளே பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. எந்த மர்மமும் இல்லை. பி10கே என்று அச்சிட்ட சாதாரண வால்யூம் கண்ட்ரோல், மூன்று கால். ரிச்சி தெருவில் கடைக்காரர் பார்க்காமலேயே கையை விட்டு எடுத்துக் கொடுத்தார், 20 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் தண்டு பல் வைத்தது. என் குமிழுக்கு ஒரு பக்கம் சீவிய தண்டு வேண்டும். மறுபடி ஒரு நடை. சால்டரிங் பத்து நிமிடம். இப்போது வெண்ணெய் மாதிரி திரும்புகிறது. விலை கூடிய பெட்டியாக இருந்திருந்தால் இதைச் செய்திருக்க முடியுமா என்பது சந்தேகம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட அது எதையும் எரிக்கவில்லை. தடத்தின் கடைக்கோடியில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் பெட்டி உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். யார் எந்தப் பெட்டி வாங்கினாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. நிறுத்தவில்லை என்றால் பெட்டியைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் வயர் மெல்லியது. நான் வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரைப் பலகைக்கு அடியில் ஓடவிட்டு, மூன்றடிக்கு ஒருமுறை தண்டவாளத்துக்கு இணைப்பு கொடுத்திருக்கிறேன். நாணயம் வைத்த கணமே திரை மின்னி நிற்கிறது. ஒன்றரை ஆம்பியரில் மூன்று எஞ்சின் தாராளமாக ஓடும். சத்தம் எழுப்பும் டிகோடர்கள் சேர்ந்தால் மூச்சு வாங்கும்.

நண்பர் மாற்று என்ன என்றும் கேட்டிருந்தார். என்சிஇ பவர் கேப் என்ற டிசிசி பெட்டியை ஒரு வீட்டில் ஒரு நாள் முழுக்க ஓட்டியிருக்கிறேன். கட்டை விரலால் உருட்டும் சக்கரம், முட்டி நிற்காத வகை. சிவியைப் படிக்கவும் செய்கிறது. பேயெல்லாம் தேவைப்படவில்லை. விலைதான். இன்னொரு வழி, ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையும் அதன் மேல் செருகும் மோட்டார் ஷீல்டும் வாங்கி டிசிசி-இஎக்ஸ் மென்பொருளை ஏற்றிக்கொள்வது. மென்பொருள் இலவசம், புரோகிராம் செய்யத் தனித் தடம் உண்டு, கைப்பேசியிலிருந்தே ஓட்டலாம். ஆனால் கண்ணாடித் திரையில் விரலை இழுத்து வண்டி ஓட்ட எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியைப் பார்ப்பதா, திரையைப் பார்ப்பதா?

எதை வாங்கினாலும் எஞ்சினுக்குள் போட்ட டிகோடர் வீணாகாது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியதை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கம் 1990-களில் தரப்படுத்தியதால், தண்டவாளத்தில் எல்லோரும் ஒரே பாஷைதான் பேசுகிறார்கள். கூடுதல் கைப்பெட்டி சேர்க்கப்போனால்தான் இணைக்கும் முறைக்கு ஒருவர் எக்ஸ்பிரஸ்நெட் என்பார், ஒருவர் லோக்கோநெட் என்பார். என் பெட்டி எதுவும் என்பதில்லை. அதில் இன்னொரு கை சேரவே சேராது. வாங்குவதற்கு முன் அடாப்டரையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் நம்மூர் 230-இல் செருகாதீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் வாங்கச் சொல்வது போலத்தான் இருக்கிறது. இல்லை. ஒரே ஒரு எஞ்சின் ஓட்டுவதாக இருந்தால் டிசிசியே வேண்டாம். இரண்டு ஓட்டுவதாக இருந்தால் இந்தக் குமிழ் வேண்டாம். விலை பாதியாக இறங்கினாலும் என் பதில் அதுதான் என்று நண்பரிடம் மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்படீன்னா உங்களுத என்ன விலைக்குக் குடுப்பீங்க?" என்றார்.

கொடுப்பதாக இல்லை என்றேன். அரைப்பரீட்சை விடுமுறைக்குத் தங்கை மகள் வருகிறாள். கப்ளர் மாற்றிய ஆல்கோவுக்கு இன்னும் புள்ளி வைக்கவில்லை. பச்சை நகப்பூச்சு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள்.